வீரமாமுனிவரும் வானத்தில் தோன்றிய அடையாளமும்

திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, விராலிமலை வட்டாரத்திலுள்ள ஆவூரை நமது புதுக்கோட்டைச் சீமைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் நன்கு அறியும். அங்கே நடக்கும் பாஸ்குவுக்கும் தேர்த் திருநாளுக்கும் தலைமுறை தலைமுறையாய் நம் பெரியோர் போய் வந்திருக்கிறார்கள். 1697-ம் ஆண்டில் சேசு சபைக் குருவாகிய பூஷே சுவாமியார் அவ்வூரில் ஆலயம் எழுப்பி, அதை மதுரை மிசியோனின் முக்கிய ஸ்தலங்களில் ஒன்றாக்கினார். பின்னாளில் அங்கு பணியாற்றிய குருக்களில் ஒருவர், தமிழ் உலகம் முழுவதும் போற்றும் வீரமாமுனிவர்.

அவருடைய தமிழ்ப் புலமையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிவார்கள். அவர் தேவமாதாவின் மேல் வைத்திருந்த பக்தி, காட்சியாகமத்தை நாம் எப்படி வாசிக்கவேண்டும் என்பதற்கு ஒரு நல்ல பாடம் என்பதை அறிந்தவர் சிலரே. இந்தப் பாடம் இக்காலத்தில் நமக்கு அவசியம். உலகம் இந்த ஆண்டில் முடியும், இந்த மாதத்தில் முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் துண்டுப் பிரசுரங்களும், கைபேசிச் செய்திகளும் நம் வீடுகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. கடைச் சாமான்களின் மேல் அச்சிட்ட கோடுகளில் 666 இருக்கிறது என்று கேட்டுக் கலங்கிப் போகும் தாய்மார்களும் உண்டு. வேதத்தின் கடைசிப் புத்தகம் நம்மைப் பயமுறுத்துவதற்காகத்தான் எழுதப்பட்டதோ என்ற எண்ணம் பலர் மனதில் வேரூன்றிவிட்டது. முனிவருடைய சரித்திரத்தைச் சற்றே பார்ப்போம்.

கொன்ஸ்தான்சு சூசை பெஸ்கி என்பது அவருடைய இயற்பெயர். இத்தாலி தேசத்தில் மாந்துவாப் பகுதியிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ம் ஆண்டு நவம்பர் 8-ம் தேதி பிறந்தார். வாலிபர்களின் பாதுகாவலராகிய அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அவ்வூரே. பெஸ்கிக்குப் பன்னிரண்டு வயது நடக்கையில், 1693-ம் ஆண்டு பெப்ருவரி 4-ம் தேதி, மறவ நாட்டு ஓரியூரில் அர்ச். அருளானந்தர் தலை வெட்டுண்டு வேதசாட்சி முடி பெற்றார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1698-ல், பெஸ்கி சேசு சபையில் சேர்ந்தார். அதே மதுரை மிசியோனுக்கு வர விரும்பி, குருப்பட்டம் பெற்றபின் கப்பலேறி, 1710-ல் கோவாவை அடைந்து, மறு ஆண்டில் தமிழ்நாட்டுக்குள் பிரவேசித்தார்.

அவர் வந்து சேர்ந்த மந்தை சுகமாய் வாழ்ந்த மந்தையன்று. 1701-ல் தஞ்சை இராச்சியத்தில் கிறீஸ்தவர்களுக்கு விரோதமாய்க் கடுமையான கலாபனை எழும்பியிருந்தது. கோவில்கள் இடிபட்டன, குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின. உபதேசியார்கள் அடிபட்டார்கள். இந்த நிலைமையின் ருசியை முனிவரும் விரைவில் கண்டறிந்தார். 1714-ல் குருக்கள்பட்டி என்னும் ஊரில் அவர் பிடிபட்டு மரண தண்டனைக்குத் தீர்ப்பிடப்பட்டார். தேவ கிருபையால் விடுதலையானார். ஆனால் தைரியநாதர் என்று அந்நாளில் அவருக்கு வழங்கிய பெயர் வெறும் அலங்காரப் பெயர் அன்று என்பதை மக்கள் கண்கூடாகக் கண்டார்கள்.

இனி காட்சியாகமத்தின் பக்கம் திரும்புவோம். அதுவும் இதைப்போன்ற நிலைமையிலேயே பிறந்தது. முதல் நூற்றாண்டின் இறுதியில், உரோமை இராயனைத் தேவனென்று வணங்கமாட்டோம் என்று நின்ற கிறீஸ்தவர்கள் துன்பப்பட்ட காலம் அது. வேதத்தினிமித்தம் பத்மு என்னும் தீவில் இருந்த அருளப்பர், சின்ன ஆசியாவிலிருந்த ஏழு சபைகளுக்கு அந்தப் புத்தகத்தை அனுப்பினார். சிறைக்கூடத்தில் இருக்கும் மகனுக்குத் தகப்பன் எழுதும் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சங்கேத வார்த்தைகள் இருக்கும், காவற்காரனுக்கு விளங்காது, மகனுக்கு விளங்கும். அதன் நோக்கமோ மகனைப் பயமுறுத்துவதல்ல, அவன் மனம் தளராமல் காப்பதே.

அந்தப் புத்தகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரு பெரிய அடையாளம் வானத்தில் தோன்றுகிறது. ஒரு ஸ்திரீ, சூரியன் அவளுக்கு ஆடை, சந்திரன் பாதத்தின் கீழ், பன்னிரண்டு நட்சத்திரங்கள் அவளுக்கு முடி. அவள் பிரசவ வேதனைப்படுகிறாள். ஏழு தலையும் பத்துக் கொம்பும் உள்ள சிவந்த பறவைநாகம் பிள்ளையை விழுங்கக் காத்து நிற்கிறது. பிறந்த ஆண்பிள்ளை சர்வேசுரனுடைய சிம்மாசனத்தண்டைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அர்ச். மிக்கேல் சம்மனசு நாகத்தைப் பூமியில் தள்ளிவிடுகிறார். நாகம் ஸ்திரீயைத் துரத்துகிறது. அவளுக்குக் கழுகின் சிறகுகள் கொடுக்கப்படுகின்றன, வனாந்தரத்தில் அவளுக்கு ஒரு ஸ்தலம் ஆயத்தமாயிருக்கிறது. நாகம் அவள் பின்னே வெள்ளத்தைக் கக்க, பூமி வாய் திறந்து அதை விழுங்கிவிடுகிறது. கோபங்கொண்ட நாகம் அவளுடைய மற்றப் பிள்ளைகளோடு யுத்தம்பண்ணப் போகிறது.

இதை எப்படி வாசிப்பது? முதலாவது, வேதத்தை வேதத்தைக் கொண்டே திறக்கவேண்டும். ஆதியாகமத்தில் யாக்கோபின் மகனாகிய சூசை ஒரு கனவு காண்கிறார். சூரியனும் சந்திரனும் பதினொரு நட்சத்திரங்களும் தம்மை வணங்குவதாக அந்தக் கனவு. தகப்பனும் தாயும் சகோதரர்களுமே அவையென்று யாக்கோபு உடனே கண்டுகொள்ளுகிறார். ஆகவே சூரியன், சந்திரன், பன்னிரண்டு நட்சத்திரம் என்றவுடன், இஸ்ராயேலின் பன்னிரண்டு கோத்திரங்களாகிய தேவ பிரஜை முழுவதையும் முதல் வாசகர்கள் நினைத்திருப்பார்கள். பத்துக் கொம்புள்ள மிருகம் தானியேல் தீர்க்கதரிசியின் தரிசனத்தில் வருகிறது. அங்கே மிருகங்கள் இராச்சியங்களைக் குறிக்கின்றன. கழுகின் சிறகுகளோ, எஜிப்தின் அடிமைத்தனத்திலிருந்து சர்வேசுரன் தம் பிரஜையைச் சுமந்து வந்ததற்கு யாத்திராகமம் சொல்லும் உவமை. அருளப்பர் புதிதாக எதையும் கட்டிக் கதைக்கவில்லை. பழைய ஏற்பாட்டின் நூலை எடுத்தே நெய்திருக்கிறார்.

இரண்டாவது, உருவகத்தை உருவகமாக எடுத்துக்கொள்ளவேண்டும். இதில் தமிழருக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. முகமதி என்று புலவன் பாடினால், மதியிலுள்ள களங்கத்தை அந்த முகத்தில் நாம் தேடுவதில்லை. 1730-ல் முனிவர் இயற்றிய தொன்னூல் விளக்கம் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணத்தையும் ஒரே நூலில் அடக்கியது. சூரியனை ஒரு ஸ்திரீ எப்படி உடுத்த முடியும் என்று கேட்பவனுக்கும், அந்தச் சூரியன் இன்ன தேதியில் உதிக்கும் என்று பஞ்சாங்கம் பார்ப்பவனுக்கும் ஒரே குறைதான்: அணியின் இலக்கணம் தெரியவில்லை.

எண்களும் அப்படியே. ஏழு என்பது நிறைவு. அதில் பாதி மூன்றரை, அதாவது குறைவு. ஸ்திரீ வனாந்தரத்திலிருக்கும் 1,260 நாட்கள் மாதம் முப்பது நாளாகக் கணக்கிட்டால் மூன்றரை வருஷம். துன்பம் மெய்தான், ஆனால் அதற்கு எல்லை உண்டு, அது நிறைவை எட்டாது என்பதே அதன் பொருள். பதின்மூன்றாம் அதிகாரத்திலுள்ள 666-ஐயும் இங்கேயே சொல்லிவிடலாம். பழைய ஓலைக் கணக்குகளில் க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு, எ என்றால் ஏழு, அ என்றால் எட்டு என்று நம் பாட்டன்மார் எழுதினார்கள் அல்லவா? எபிரேயரும் எழுத்துக்களையே எண்களாக வழங்கினார்கள். ஆகவே ஒரு பெயரின் எழுத்துக்களைக் கூட்டி ஒரு தொகையாகச் சொல்லலாம். கிறீஸ்தவர்களைக் கொன்ற நேரோ செசாரின் பெயரை எபிரேய எழுத்துக்களில் எழுதிக் கூட்டினால் 666 வருகிறது. லத்தீன் உச்சரிப்பின்படி ஓரெழுத்தை விட்டெழுதினால் 616 வருகிறது. சில பழைய பிரதிகளில் அந்தத் தொகையே காணப்படுகிறது. வேதபாரகர் பலர் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இது. இரண்டாம் நூற்றாண்டிலேயே அர்ச். இரேனேயுஸ், இந்த எண்ணை வைத்து ஆளைக் குறித்துச் சொல்லத் துணியவேண்டாமென்று எச்சரித்திருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் எத்தனையோ பேர் வீண் கலக்கத்துக்குத் தப்பியிருப்பார்கள்.

மூன்றாவது, திருச்சபையோடு சேர்ந்து வாசிக்கவேண்டும். காட்சியாகமத்துக்கு லத்தீனில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய விரிவுரை, வேதசாட்சியாகிய அர்ச். விக்டோரீனுஸ் மேற்றிராணியாருடையது. பிதாப்பிதாக்களும் தீர்க்கதரிசிகளும் அப்போஸ்தலர்களும் அடங்கிய சபையே அந்த ஸ்திரீ என்று அவர் விளக்கினார். ஐந்தாம் நூற்றாண்டில் அர்ச். அகுஸ்தீனுடைய சீடராகிய குவோத்வுல்தேயுஸ், அவள் தேவமாதா என்றும், தேவமாதா திருச்சபையின் சாயல் என்றும் போதித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அர்ச். பெர்நார்து அந்தப் பன்னிரண்டு நட்சத்திரங்களைத் தேவமாதாவின் மேன்மைகளாகக் கொண்டு ஒரு பிரசங்கம் செய்தார். தாயும் சபையும் ஆகிய இரண்டு பொருளும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. கன்னிமாமரி வேதனையின்றிப் பெற்றாள் என்று திருச்சபை பரம்பரையாய்ச் சொல்லிவர, இந்த ஸ்திரீ பிரசவ வேதனைப்படுவதேன் என்று சிலர் கேட்பதுண்டு. மெசியாவுக்காகக் காத்திருந்த பிரஜையின் வேதனை அது என்பது ஒரு விடை. சிலுவையடியில் நின்ற தாய், அங்கே அருளப்பர் உருவில் நம் அனைவரையும் பிள்ளைகளாகப் பெற்ற வேதனை அது என்பது மற்றொரு விடை. அந்தச் சிலுவையடித் துயரத்தையே பொருளாகக் கொண்டு வீரமாமுனிவர் அன்னை அழுங்கல் அந்தாதி என்னும் நூலைப் பாடினார்.

அவருடைய பெருங்காப்பியமாகிய தேம்பாவணிக்கும் காட்சியாகமத்துக்கும் ஓர் உறவு உண்டு. மூன்று காண்டங்களும், முப்பத்தாறு படலங்களும், 3,615 பாடல்களும் கொண்ட அந்நூல் அர்ச். சூசையப்பருடைய சரித்திரம். அதன் கதைக்கு முனிவர் ஆதாரமாகக் கொண்டது, எஸ்பாஞா தேசத்து ஆகிரேதா நகரக் கன்னியர் மடத்துத் தாயாராகிய மரியா எழுதிய பெரிய நூல். 1670-ல் அச்சேறிய அந்த நூலுக்குத் தேவனுடைய மறைபொருள் நகரம் என்று பொருள்படும் பெயர். காட்சியாகமத்தின் இறுதியில் பரலோகத்திலிருந்து இறங்கிவரும் புதிய யெருசலேம் நகரத்தைத் தேவமாதாவுக்கு உருவகமாக எடுத்ததிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. பன்னிரண்டாம் அதிகாரத்துக்கும் இருபத்தோராம் அதிகாரத்துக்கும் அதன் முதற்பகுதியில் நீண்ட விளக்கங்கள் உள்ளன. ஆக, நம் முனிவர் தேம்பாவணியைப் பாடும்போது, சூரியனை உடுத்த ஸ்திரீயையும் பொன்மயமான நகரத்தையும் பற்றிய விளக்கங்கள் நிறைந்த ஒரு புத்தகம் அவர் கையில் இருந்தது.

அந்த நூலை அக்காலத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1681-ல் உரோமையில் அது தடை செய்யப்பட்டது. விரைவிலேயே அத்தடை நிறுத்திவைக்கப்பட்டது. 1696-ல் பாரீஸ் நகர வேதசாஸ்திரிகள் அதைக் கண்டித்தார்கள். பரிசுத்தமான ஆத்துமாக்களுக்குக் கிடைத்த தனிக்காட்சிகள் விசுவாச சத்தியங்களுக்குச் சமமல்ல. முனிவர் அந்நூலிலிருந்து கதையை எடுத்துக்கொண்டாரேயன்றி, வருங்காலக் கணக்கு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. உலகம் முடியும் நாளை அவர் தம் மக்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் மாலைதோறும் உட்கார்ந்து கேட்க ஒரு திருக்குடும்பத்தின் சரித்திரத்தைச் சொன்னார்.

பாட்டில் மட்டுமல்ல, மரத்திலும் கல்லிலும் அவர் அந்தத் தாயைக் காட்டினார். விருத்தாசலத்துக்கு அடுத்த கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய கோவிலில் தேவமாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர். தமிழ்ப் பெண்ணைப்போல் சேலை உடுத்து, குழந்தையை ஏந்தி நிற்கும் அந்தச் சுரூபம் முனிவர் சொல்லியனுப்பிய மாதிரிப்படி மணிலா நகரில் செய்விக்கப்பட்டதென்பது வழிவழிச் செய்தி. சூரிய ஆடை என்பது தேவ மகிமைக்கு உருவகம் என்று தெரிந்தவர்க்குத்தான், அந்த மகிமையைச் சேலையிலும் காட்டலாம் என்று தோன்றும்.

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் அவர் நெடுங்காலம் தங்கிப் பணி செய்தார். தென்கரையில் தஞ்சை இராச்சியம். அங்கு நெருக்கப்பட்ட கிறீஸ்தவர்கள் ஆற்றைக் கடந்து, அரியலூர்ப் பாளையக்காரருடைய நாட்டில் ஒதுங்க இடம் தேடினார்கள். அந்த ஊருக்கு முனிவர் இட்ட பெயர் திருக்காவலூர். அங்குள்ள மாதாவுக்கு வழங்கும் பெயர் அடைக்கல மாதா. திருக்காவலூர்க் கலம்பகம் என்னும் பிரபந்தத்தை அவர் அந்தத் தாய்க்கே சூட்டினார். நாகத்துக்குத் தப்பிய ஸ்திரீக்கு வனாந்தரத்தில் சர்வேசுரன் ஆயத்தம் செய்த ஸ்தலத்தைக் காட்சியாகமம் சொல்லுகிறதே, அது எங்கோ தொலைவில் இருக்கிறதென்று தேடவேண்டியதில்லை. பிள்ளைகளைத் தோளில் சுமந்து கொள்ளிடத்தின் மணலில் நடந்து வந்த அந்தக் குடும்பங்களுக்கு, ஓலைக் கூரையோ மண் சுவரோ, அந்த அடைக்கலக் கோவிலே அந்த ஸ்தலம். அவர்களுக்கு அந்த அதிகாரம் பயமுறுத்தும் செய்தியாய் இருந்திருக்க முடியாது. தங்கள் சொந்தக் கதையாகவே இருந்திருக்கும்.

முனிவருடைய கடைசிக் காலமும் சமாதானமாய் இருக்கவில்லை. 1740-ம் ஆண்டையொட்டிய வருஷங்களில் திருச்சிராப்பள்ளிச் சீமை சந்தா சாகிபுக்கும் மராட்டியருக்கும் நடந்த போர்களால் பாழாயிற்று. கோவில்களும் கிராமங்களும் சேதமடைந்தன. முனிவர் தமது முதிர்வயதில் மலையாள நாட்டிலுள்ள அம்பலக்காட்டுக்குப் போய், 1747-ம் ஆண்டு பெப்ருவரி 4-ம் தேதி அங்கேயே உயிர் துறந்தார். அர்ச். அருளானந்தர் வேதசாட்சியாய் மரித்த அதே தேதி அது. ஆவூரில் புதிய ஆலயம் எழுந்ததும் அதே 1747-ம் ஆண்டில்தான். யுத்தத்தில் சேதப்பட்ட சீமையில், தங்கள் முனிவர் மறைந்த வருஷத்தில், நம் முன்னோர் கோவில் கட்டினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

அதற்குப் பின்னும் சோதனை தீரவில்லை. 1773-ல் சேசு சபையே கலைக்கப்பட்டது. குருக்கள் குறைந்தார்கள், பல ஊர்கள் ஆண்டுக்கணக்காய்ப் பூசை காணவில்லை. 1838-ல்தான் சேசு சபையார் மதுரை மிசியோனுக்கு மறுபடியும் வந்தார்கள். இடைப்பட்ட அறுபத்தைந்து வருஷமும் விசுவாசம் அணையாமல் இருந்ததற்குக் காரணம் யார்? செபமாலை சொன்ன தாய்மார்கள், ஞானஸ்நானம் கொடுத்த உபதேசியார்கள், அம்மானையும் தேம்பாவணியும் ஓலையில் எழுதி வைத்துக்கொண்ட குடும்பங்கள். ஸ்திரீயின் மற்றப் பிள்ளைகள் என்று அருளப்பர் குறிப்பிடுவது இவர்களைப் போன்றவர்களையே. நாகம் இவர்களோடு யுத்தம்பண்ணப் போனது மெய். அது ஜெயிக்கவில்லை என்பதும் மெய். 1968-ல் சென்னைக் கடற்கரையில் முனிவருக்குச் சிலை நாட்டினார்கள். அதைவிடப் பெரிய ஞாபகச்சின்னம், கொள்ளிடக் கரையிலும் நமது சீமையிலும் இன்று காலைப் பூசைக்குப் போகும் ஜனங்களே.

ஆகையால், அன்புள்ள குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே, இனி யாராவது ஒரு காகிதத்தை நீட்டி, இன்ன தேதியில் உலகம் முடியும் என்று வேதம் சொல்லுகிறது என்றால், மூன்று கேள்வி கேளுங்கள். இந்த உவமை பழைய ஏற்பாட்டில் எங்கே வருகிறது? இது உருவகமா, கணக்கா? திருச்சபை இதை எப்படி விளக்கியிருக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை சொல்லாதவன் கையிலிருந்து அந்தக் காகிதத்தை வாங்கவேண்டாம். அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்கே தெரியும் என்று நம் ஆண்டவர் தாமே தெளிவாய்ப் போதித்திருக்கிறார்.

ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்டு 15-ம் தேதி, தேவமாதா ஆத்தும சரீரத்தோடு பரலோகத்துக்கு ஆரோபணமான திருநாளன்று, காட்சியாகமத்தின் இந்தப் பகுதி பூசையில் வாசிக்கப்படுகிறது. அந்தத் திருநாளுக்கு முந்தின இரவு, குடும்பச் செபம் முடிந்தபின், பன்னிரண்டாம் அதிகாரத்தைப் பிள்ளைகளில் ஒருவரைக் கொண்டு சத்தமாய் வாசிக்கச் செய்யுங்கள். நாகம் வருமிடத்தில் சின்னப் பிள்ளைகள் பயப்பட்டால், நடுவில் நிறுத்தாமல் முடிவு மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அவர்களுக்கு ஏலாக்குறிச்சியையும் ஆவூரையும் பற்றிச் சொல்லுங்கள். நம்முடைய பாட்டன் பாட்டிகள் அந்தத் தாயின் சேலை நிழலில் ஒதுங்கித்தான் பிழைத்தார்கள் என்று சொல்லுங்கள்.

அடைக்கல மாதா நம் வீடுகளையும் காப்பாளாக.